துணி இல்லாத கரை

1

இனியாவின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. இரண்டு பக்கம், நெருக்கமான எழுத்து. எங்கள் பகுதியில் ஓடும் சிற்றோடைக்கு வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்களாம். அந்த ஓடையின் ஒரு பகுதியைப் பள்ளி பொறுப்பேற்றிருக்கிறது. இந்த நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. விண்ணப்பம் கொடுத்தால் ஓடையில் கொஞ்ச தூரத்தை உங்களிடம் ஒப்படைப்பார்கள். குப்பை எடுக்கலாம். கரையில் எதை நடலாம் என்று அவர்கள் ஒரு பட்டியல் தருவார்கள், அதை நடலாம். கடைசியில் உங்கள் பெயர் எழுதிய பலகை ஒன்றும் வைப்பார்கள்.

தாளில் கேட்டிருந்தவை இவை. பிள்ளை கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்க அனுமதி உண்டா? நீச்சல் தெரியுமா, தெரிந்தால் சான்றிதழ் இருக்கிறதா? தடுப்பூசி போட்டாயிற்றா? புகைப்படம் எடுக்கலாமா, எடுத்தால் வெளியிடலாமா? உண்ணி கடித்தால் ஆசிரியரே அதை எடுத்துவிடலாமா, உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு எடுக்க வேண்டுமா?

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். எதிரே உட்கார்ந்து ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள் இனியா. ஏழு வயது. தமிழ் புரியும். ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் பேசவும் செய்வாள்.

"தாத்தாவும் இந்த மாதிரி செஞ்சாங்கன்னு அப்பா சொன்னாங்க."

"ஆமா. ஆனா ஓடையில இல்ல, ஆத்துல."

"எந்த குரூப்?"

"குரூப் எல்லாம் கிடையாது. தாத்தா மட்டும்தான்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஏன்? யாரும் அவரை விளையாட்டுக்குச் சேத்துக்கலையா?"

உண்ணிக் கேள்விக்கு 'ஆசிரியரே எடுக்கலாம்' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். இந்த ஒரு மாதமாக எனக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும். அடுத்த வாரம் அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது.

2

நான் இருப்பது ஜெர்மனியில், காஸல் என்ற நடுத்தர ஊரில். மின்தூக்கிகளை இயக்கும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. கதவு மூடும்போது ஒருவர் கையை நீட்டினால் என்ன ஆகும், நான்கு மாடிகளில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் எது முதலில், மின்சாரம் போனால் பெட்டி எங்கே நிற்கும் என்று வரிசையாகப் பட்டியல் போட்டுப் பார்க்க வேண்டும். என் வேலை நன்றாக முடிந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். ஒன்றும் நடக்காததற்கு யாரும் கை தட்டுவதில்லை. அது பழகிவிட்டது.

திவசத்துக்கு ஊருக்குப் போக முடியவில்லை. எங்கள் குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது. புதியதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். கையில் இருப்பது மடித்துக் கொடுத்த ஒரு தற்காலிகத் தாள். அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்பி வரலாமா என்று மின்னஞ்சலில் கேட்டேன். 'பொதுவாக வரலாம், ஆனால் உறுதி சொல்ல இயலாது' என்று பதில் வந்தது. நேரில் கேட்கப் போனேன். சன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் அந்த மின்னஞ்சலையே எனக்கு அச்சிட்டுக் கொடுத்தாள்.

அலுவலகத்தில் அரை நாள் விடுப்புக் கேட்கும்போது நினைவு நாளுக்கான சொல் நாக்கில் வரவில்லை. அப்பாவுக்கு விழா என்பது போல ஏதோ சொல்லிவிட்டேன். மேலாளர் முகம் மலர்ந்து, எத்தனை வயது என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டேன். திருத்தியிருந்தால் அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார், நான் பரவாயில்லை என்றிருப்பேன், பிறகு இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். மறுநாள் என் மேசையில் யாரோ ஒரு சின்ன கேக் வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன்.

என் கைபேசியில் வானிலைக்கு இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று காஸல், மற்றது சேரன்மகாதேவி. காஸலை நான் பார்ப்பதே இல்லை, குடை எப்போதும் பையில் இருக்கும். சேரன்மகாதேவியைத் தொட்டு, அங்கிருந்து படத்தை மேற்கே நகர்த்தி மலையைப் பார்ப்பேன். மலையில் நீல நிறம் தெரிந்தால் மற்றவர்களுக்கு மழை. எனக்கு அது துணி.

3

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தோஷம் கழிக்கத் தாமிரபரணிக்கு வருகிறவர்கள் முங்கிக் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். மேற்கே பாபநாசத்திலிருந்து ஒவ்வொரு படித்துறையிலும் இது உண்டு. விட்டபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் அந்தத் துணி எங்கே போகிறது என்பது விட்டவர்களுக்குத் தெரிய வழியில்லை. அது கடலுக்குப் போவதில்லை. அடுத்த வளைவில் நாணல் வேரிலோ மருத மரத்தின் வேரிலோ சுற்றிக்கொள்ளும். மலையில் மழை பெய்து ஆறு ஏறும்போது மேலேயிருந்து அடுத்த துணி வந்து அதன்மேல் சுற்றும். பிறகு மண் படியும். கொஞ்ச நாளில் கரை முழுக்க ஈரப் பாய் விரித்ததுபோல் ஆகிவிடும். அதைப் பொத்துக்கொண்டு ஒன்றும் முளைக்காது. மீன் அங்கே முட்டை வைக்காது.

அப்பா சேரன்மகாதேவியில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஊருக்கு அவர் மெடிக்கல் அண்ணாச்சி. நான் கல்லூரி விடுதிக்குப் போனதும், காலையில் என்னைப் பேருந்து ஏற்றிவிடும் நேரம் அவருக்கு மிச்சமானது. அந்த நேரத்தில் ஆற்றில் இறங்கித் துணி எடுக்க ஆரம்பித்தார். எதற்காக என்று கேட்டால், "சும்மாத்தான்" என்பார். பதினைந்து வருடம் சும்மா எடுத்தார்.

முதலில் அவரும் மரக்கன்றுதான் நட்டார். அந்த வருட வெள்ளத்தில் வந்த சேலைகள் கன்றுகளைச் சுற்றிச் சாய்த்துவிட்டன. அதோடு நடுவதை விட்டார். "முதல்ல துணி. மத்ததை ஆறு பாத்துக்கிடும்" என்பது அவருடைய கணக்கு. இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள கரை மட்டும் தன்னால் முடிந்தது என்று வைத்துக்கொண்டார். நாலு வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாணல் வந்தது. நாணலுக்குள் கோரை, அதன் பின்னால் யாரும் நடாத மருதமும் நாவலும். வேர்களுக்கிடையே அயிரை மீன் வந்தது, அதைப் பிடிக்க மீன்கொத்தி வந்தது.

குளிக்க வருகிறவர்கள் கரையில் நின்று கேலி செய்வார்கள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பட்டுச்சேலை எதுவும் அம்புட்டுதா?"

"அம்புட்டுது வே. உங்க வீட்டு அளவுக்குச் சரியா இருக்கும். அலசித் தாரேன், கொண்டு போறீரா?"

கேட்டவர் அடுத்த நிமிடம் அங்கே நிற்க மாட்டார். அடுத்தவர் பாவம் ஒட்டிய துணியை யார் தொடுவார்கள்?

தொட ஓர் ஆள் இருந்தார். பெரியப்பா மகன் கணேசன் அண்ணன். பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். எண்ணெய் துடைக்கப் பழந்துணி வேண்டும் அல்லவா? பருத்தித் துணியாகப் பொறுக்கி, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் காய்ந்ததும், அப்பா மூட்டை கட்டி அனுப்பிவிடுவார். பட்டறையில் ஒரு தொழிலாளி விஷயம் தெரிந்து, அந்தத் துணியைத் தொட மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். "தொடாட்டிப் போ லே" என்று அண்ணன் தானே எடுத்துத் துடைத்திருக்கிறார். எனக்குப் போன் செய்து சொன்னார்: "யார் யார் பாவமோ ஏட்டி, எல்லாம் சேந்து எம் மெஷினைப் பளபளன்னு வச்சிருக்கு."

அப்பா இறப்பதற்கு முந்திய தை மாதம் ஒரு நாள் அவரே கூப்பிட்டார். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன்.

"கோமு, ஒரு விசயம். யாருட்டயும் சொல்லாத. உங்க அம்மைட்டயும்."

ஏதோ நோய் என்று நினைத்தேன்.

"நீர்நாய் வந்திருக்கு. தாயும் ரெண்டு குட்டியும். நம்ம மணல்ல கெடந்து உருளுதுக."

"போட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தா நாளைக்கே ஊரு பூரா வந்து நிக்கும். கண்ணால பாத்தது போதும்லா?"

இப்போது எழுதிவிட்டேன். ஆனால் அது எந்த வளைவு என்று எழுதப் போவதில்லை.

4

அப்பா கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். அப்போது எங்கள் அட்டை செல்லுபடியாக இருந்ததால் நான் போய்ச் சேர்ந்தேன். பதினோரு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். அதன்பின் அந்தக் கரையில் துணி எடுக்க ஆள் இல்லை.

வைகாசியில் ஆறு வற்றிக் கிடந்தபோது, கணேசன் அண்ணனிடம் ஒரு படம் கேட்டேன். அனுப்பினார். நாணல் இன்னும் இருந்தது. ஆனால் தலை சாய்ந்திருந்தது. அடியில் சிவப்பு, மஞ்சள், ஏதோ ஒரு பள்ளிச் சீருடையின் நீலம். படத்தைப் பெரிதாக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். எழுந்து பாத்திரங்களைக் கழுவினேன். கழுவி வைத்த பாத்திரங்கள்தான் அவை.

ஒரு வருடம் முடிவதற்குள் இவ்வளவு என்றால் மூன்று வருடத்தில் கரை பழையபடி ஆகிவிடும். அப்பா எதையும் கட்டி வைக்கவில்லை, கெட்டதை எடுத்துக்கொண்டே இருந்தார். எடுப்பது நின்றால் அவர் செய்ததும் இல்லாமல் போகும்.

இந்த நிலையில்தான் அம்மா வேட்டியைப் பற்றிப் பேசினாள்.

அப்பா இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு அடைப்பு என்பார்கள். சில மாதங்கள் நல்ல காரியம் எதுவும் கூடாது. அம்மா முறை தவறாமல் இருந்தாள். அந்த மாதங்கள் முடிந்த பிறகு, மாசியில், எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. இங்குள்ள மருத்துவர், இது பலருக்கும் நடப்பது, காரணம் தேடாதீர்கள் என்றார். நான் தேடவில்லை. அம்மா தேடினாள். நாங்குநேரியில் ஒரு சோசியரிடம் போனாள். அடைப்பில் மிச்சம் இருக்கிறது, தலைத்திவசத்தன்று அவர் கடைசியாகக் கட்டியிருந்த வேட்டியை ஆற்றில் விட்டுவிட்டால் மகளுக்கு ஒரு குறையும் வராது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

5

"எந்த ஆத்துல விடப் போற?" என்று கேட்டேன்.

"எந்த ஆத்துலன்னா? இங்கன என்ன காவேரியா ஓடுது?"

"அம்மா, அது நேரா போய் எங்க மாட்டும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பா பதினைஞ்சு வருஷமா..."

"பதினைஞ்சு வருசமும் அந்தச் சேத்து வேட்டியைத் தொவைச்சவ நான். எனக்கே நீ கணக்குச் சொல்லுதியா?"

வைத்துவிட்டாள்.

மாற்று வழிகளை வரிசையாக எழுதிக் குரல் செய்தியாக அனுப்பினேன். ஒன்று, வேட்டியை ஆற்றில் நனைத்து எடுத்து யாருக்காவது தானம் கொடுப்பது. இரண்டு, கரையில் வைத்து எரித்துச் சாம்பலைக் கரைப்பது. மூன்று, ஓரத்திலிருந்து ஒரு நூலை மட்டும் எடுத்து விடுவது. திவசம் செய்துவைக்கும் ஐயரிடமும் கணேசன் அண்ணன் மூலம் கேட்டேன். மூன்றாவது போதும் என்று அவர் சொல்லிவிட்டார். எனக்குப் பெரிய நிம்மதி.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏட்டி, காய்ச்சல் விட்டுட்டுன்னு மூணாம் நாளே மாத்திரையை நிப்பாட்டிட்டு வாரவங்களை உங்க அப்பா கடையில வச்சு என்ன ஏச்சு ஏசுவாக? அஞ்சு நாளைக்கு எழுதினா அஞ்சு நாளும் முழுங்கணும். அரை மாத்திரைக்கு அரை நோயா போகும்னு கேப்பாகல்லா? ஒரு நூலை விட்டா ஒரு நூலு தோசந்தான் போகும்."

"நீ அப்பாவை வச்சே அப்பாவுக்கு எதிரா பேசுத."

"பேசிட்டுப் போறேன். ஆத்துக்கு என்ன வந்தாலும் அது ஓடிரும். உனக்கு ஒண்ணுன்னா நான் எங்கன ஓடுவேன்?"

அதற்கு மேல் சொல்ல என்னிடம் வரிசை எண் போட்ட எதுவும் மிச்சம் இல்லை. அவளைத் தப்பு என்று சொல்ல நான் யார்? மாசியில் அவள் என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். விசாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. தொலைபேசியிலேயே அழுதாள், தொலைபேசியிலேயே பத்தியம் சொன்னாள். அவள் கையால் எனக்குச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

கணேசன் அண்ணனைப் பிடித்தேன்.

"நீங்களாவது சொல்லுங்க அண்ணே."

"நான் சித்தி பக்கம் பேசுனா நீ வைவ. உன் பக்கம் பேசுனா சித்தி சோறு போட மாட்டா. என்னைய விடு ஏட்டி, எனக்கு லேத்து மெஷினே மேலு. அது ஒரு பக்கந்தான் சுத்தும்."

நடுவில் இனியாவின் ஓடைப் பயணம் முடிந்தது. எட்டு நெகிழிப் பைகள், ஒரு மிதிவண்டி மணி. கரையில் பலகை திறந்தார்கள், எல்லாப் பிள்ளைகள் பெயரும் இருந்தது. இனியாவின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தக் கேட்டேன். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறதாம். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். எதையாவது பேச வேண்டுமே என்று அனுப்பியதுதான்.

"பலகை நல்லாருக்கு. உங்க அப்பாவுக்கு இப்படி ஒண்ணு வச்சா, மொத நாளே அதுல ஒரு துண்டைக் கெட்டிட்டுப் போயிருவானுவ" என்று பதில் வந்தது. சிரித்தேன். அவளும் அங்கே சிரித்திருப்பாள். ஆனால் வேட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

6

திவசத்தன்று இங்கே காலை ஏழு மணி, அங்கே பத்தரை. கணேசன் அண்ணன் கைபேசியில் என்னை அழைத்து, படிக்கட்டில் ஒரு செம்பின் மேல் சாய்த்து வைத்தார். எனக்குத் தெரிந்தது பாதி வானம், பாதி அண்ணனின் முதுகு. ஐயருக்கு அடுத்த வீடு இருந்தது, வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் சமையலறையில் என் கணவர் ரகு சத்தமில்லாமல் இனியாவின் மதிய உணவுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மலையில் இரண்டு நாளாக நீலம் இருந்தது. ஆறு கொஞ்சம் ஏறிக் கலங்கியிருந்தது.

எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. அம்மா மஞ்சள் பையிலிருந்து வேட்டியை எடுத்தாள். துவைத்து மடித்திருந்தாள். மடிப்பைப் பிரிக்காமலே அண்ணன் கையில் கொடுத்தாள். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூன்று முறை முங்கி, வேட்டியை விட்டார்.

"ஆச்சு. திரும்பிப் பாக்காம ஏறி வாங்கோ" என்றார் ஐயர்.

அண்ணன் ஏறி வந்து கைபேசியை எடுத்தார். துண்டோடு சேர்த்துத் தோளில் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் அழைப்பில் இருப்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். முன்னால் அம்மா, அடுத்து ஐயர், கடைசியில் அண்ணன். மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் படியேறிக்கொண்டிருந்தார்கள். கைபேசி மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே நான் பார்த்தேன். வேட்டி கொஞ்ச தூரம் வெள்ளையாக உப்பிக்கொண்டு போனது. பிறகு ஓட்டம் கரைப் பக்கம் திரும்பியது, வேட்டியும் திரும்பியது. அப்பாவின் நாணலில் போய் முதல் தண்டைச் சுற்றிக்கொண்டு நின்றது. நாணல் ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. படிகளின் திருப்பத்தில் சுவர் வந்து மறைத்துவிட்டது.

"அண்ணே" என்றேன். என் குரல் அவர் துண்டுக்குள்தான் கேட்டிருக்கும்.

"யாரு கூப்பிடுதாங்க?" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"யாரும் இல்ல, நடங்க சித்தி" என்றார் அண்ணன். அழைப்பு அறுந்தது.

"அம்மா, ட்ராம் போயிடும்" என்று இனியா செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். ஜெர்மனில்தான் சொன்னாள்.

7

அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தும் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்திருந்தால் நடந்தே தரையைத் தேய்த்திருப்பேன். ஒரே சோதனையை மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் கதவு சரியாகத் திறந்தது.

பதினோரு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டேன். பிறகு அண்ணனை.

"வீட்டுல இல்லையே ஏட்டி. எலையப் போட்டு எங்களுக்கெல்லாம் பரிமாறிட்டு, தான் உக்காந்தா. ஒரு வாய் வச்சா, எந்திரிச்சிட்டா. பக்கத்து வீட்டுலதான் இருப்பான்னு நினைச்சேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. அங்கன இல்ல."

"ஆத்துக்குப் போங்க" என்றேன். அலுவலக நடையில் என் சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அண்ணே, ஓடுங்க. தண்ணி ஏறியிருக்கு."

அடுத்த இருபது நிமிடத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அம்மாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே மாடிப்படியில் ஏறி இறங்கினேன். மின்தூக்கியில் ஏறவில்லை. அதற்குள் போனால் சிக்னல் போய்விடும்.

அழைப்பு அம்மாவின் எண்ணிலிருந்தே வந்தது. மூச்சு வாங்கினாள்.

"என்னட்டி, எட்டு தடவை கூப்பிட்டிருக்க. போனைக் கரையில வச்சிட்டுல்லா எறங்கியிருந்தேன்."

"எங்க எறங்கின?"

"எங்கன எறங்குவாக? முட்டளவு தண்ணிதான், பயப்படாத. கணேசன் வேற கூப்பாடு போட்டுக்கிட்டு ஓடியாரான், ஊரே பாக்கு."

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது: "முட்டளவா? நெஞ்சளவுல நின்னுட்டு முட்டளவுங்கா, கேட்டியா?"

"அவன் கெடக்கான். வேட்டியை எடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

நான் படியில் உட்கார்ந்தேன். "நீதானே விடணும்னு நின்ன."

"விட்டாச்சுல்லா. முழுசா விட்டாச்சு, ஒரு நூலு பிடிச்சு வைக்கல. திரும்பிக்கூடப் பாக்கல. போக வேண்டியது ஆத்தோட போயிட்டு ஏட்டி. துணிதான் அங்கன மாட்டிக்கிட்டுக் கெடந்துது."

"மாட்டும்னு உனக்கு முன்னாலயே தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். ஆனா சோத்துல கை வச்சா எறங்க மாட்டேங்கு. அவுக வேட்டி அவுக நாணலையே அமுக்கிக்கிட்டுக் கெடக்கும்னு நினைச்சா எப்படி எறங்கும்? எடுக்கக் கூடாதுன்னு சோசியரு சொல்லல. நானும் கேக்கல."

அவளுக்குப் பின்னால் ஆற்றின் சத்தம் கேட்டது. அப்பாவோடு பேசும்போது அது எப்போதும் பின்னால் இருக்கும், அப்போது அதைக் கவனித்ததில்லை.

"அதை உருவப் போனா அது கூட ஒரு சிவப்புச் சேலை வருது" என்று அம்மா ஆரம்பித்தாள். "அதை இழுத்தா ஒரு பாவாடை. அதுக்கு அடியில என்னன்னே தெரியல, கம்பளி மாரி கனக்கு. பாதியில விட்டுட்டா வர முடியும்? மூணு கட்டு எடுத்துப் போட்டிருக்கேன். உங்க அப்பா ஒரு ஆளா இதை எப்படிச் செஞ்சாக? ஒருநாளாச்சும் இடுப்பு வலின்னு சொல்லியிருக்காகளா? எனக்கு இப்பவே பிடிச்சுக்கிட்டு."

"வீட்டுக்குப் போ. போய்ச் சாப்பிடு. கால் கை ஒண்ணும் அடிபடலையே?"

"உள்ளங்கால்ல ஒரு கீறல். சேத்துக்குள்ள என்ன கெடக்குன்னு யாரு கண்டா. கணேசா, அந்தத் துணிக்கட்டை மெல்ல இழு, ஈரத்தோட வண்டியில வைக்காத." பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி: "ஏட்டி, முட்டு வரைக்கும் வாற ரப்பர் பூட்ஸ் இருக்குல்லா. இங்கன ஆம்பளை சைஸுதான் வச்சிருக்கானுவ, நம்ம காலு உள்ள போயி நீச்சல் அடிக்கும். அங்கன பொம்பளைகளுக்குன்னு கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை.

சாயங்காலம் இனியாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தோட்டத்துக்கு ஒரு வகை, குதிரை லாயத்துக்கு ஒரு வகை, மீன் பிடிக்க ஒரு வகை என்று ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தார்கள். விற்பனைப் பெண் எந்த வேலைக்கு என்று கேட்டாள். ஆற்றில் நின்று துணி எடுப்பதற்கு என்று அவள் மொழியில் சொல்லப் பார்த்து, இரண்டு முறை தடுமாறினேன். இனியா குறுக்கே வந்து சரளமாகச் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று முழுதாக விளங்கவில்லை, 'என் பாட்டி' என்பது மட்டும் காதில் விழுந்தது. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மீன் பிடிக்கும் வகையில் ஒன்றை எடுத்துத் தந்தாள்.

அளவு கேட்க அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். வாயில் சோற்றோடு பேசினாள்.

"செருப்பு அஞ்சாம் நம்பரு. நீ ஆறா வாங்கு, உள்ள சாக்ஸ் போட்டுக்கிடலாம். ஏட்டி, அடி வழுக்காம இருக்கான்னு கையால தடவிப் பாத்து வாங்கு. மழைக்கு முன்னால வந்து சேருமா?"

கைபேசியில் மேற்கே நகர்த்திப் பார்த்தேன். மலை முழுக்க நீலம்.

"சேராது போலம்மா."

"சரி. அதுவரைக்கும் நான் கரை ஓரமா நின்னு எடுக்கேன்" என்றாள்.